காட்டுக்குள்ளே ஒரு கணக்குப்பிள்ளை!

புலியை எண்ணுவது இப்போது பெரிய வித்தை இல்லை. மரத்துக்கு மரம் தானியங்கி காமிரா கட்டிவிட்டு வந்துவிட்டால், ராத்திரி அந்தப் பக்கம் போகிற புலி தன்னைத் தானே போட்டோ எடுத்துக்கொண்டு போகும். நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் உடம்பு வரி வேறு வேறு. ஒரே புலியை இரண்டு தரம் எண்ணிவிட்டார்கள் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. யானை என்றால் சாணத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அதே காட்டோரத்தில் ஒரு மனுஷர் இரண்டு ஏக்கர் கேழ்வரகு போட்டுவிட்டு, பரண் மேல் ராத்தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே... அவர் அந்தப் புலியைப் பற்றி, யானையைப் பற்றி, ஏன், நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது எந்தக் காமிராவில் விழும்?

இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது. சர்வதேச வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகளில் 'சமூக அறிவியல் திட்டத் தலைவர்' என்று ஒரு நாற்காலி. எனக்கு இது தெரியவந்தது அக்கா பையன் புண்ணியத்தில். எம்.ஏ. சோஷியாலஜி. அப்படிப்பட்ட ஓர் அமைப்பில் கள ஆய்வாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். "பத்து வருஷத்துல அந்தப் பிரிவுக்கே தலைவன் ஆயிடணும், மாமா" என்கிறான்.

அவன் அப்பா பட்டுத் தறிக்காரர். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் வீடு. நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: "புலிக்கு வைத்தியம்னா மாட்டு டாக்டர் போவான். புலியைப் புடிக்கணும்னா ஃபாரஸ்டுக்காரன் போவான். சோஷியாலஜி படிச்சவன் போய் என்னடா பண்ணுவே? புலிக்கு ஜாதி சர்டிபிகேட் எழுதிக் குடுப்பியா?"

நியாயமான கேள்வி. பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பி.காம். படித்த எனக்கும் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

பாண்டா படம் போட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். 1961ல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தது. நியூயார்க்கின் டபிள்யூ.சி.எஸ். அதற்கு அண்ணன் இல்லை, தாத்தா. 1895ல் மிருகக்காட்சிச் சங்கமாக ஆரம்பித்தது. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் கடைக்குட்டி, 1987. இந்த மாதிரி இடங்களில் ரொம்ப நாள் கோலோச்சியவர்கள் பிராணி நூல் படித்தவர்கள்தான். அதில் தப்பும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புலி துப்பாக்கி வாங்குவதில்லை. யானை தன் வழித்தடத்தில் ரிசார்ட் கட்டுவதில்லை. 'வனவிலங்குப் பாதுகாப்பு' என்று போர்டு மாட்டினாலும், அங்கே நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டிய பிராணி ஒன்றே ஒன்றுதான். அது பேன்ட் போட்டிருக்கும், அல்லது வேட்டி கட்டியிருக்கும்.

மைக்கேல் மாசியாவும் இன்னும் சில ஆராய்ச்சியாளர்களும் 2003ல் 'கன்சர்வேஷன் பயாலஜி' என்கிற இதழில் இதைப் பகிரங்கமாகவே எழுதினார்கள். பாதுகாப்புத் திட்டங்கள் ஜெயிப்பதையும் தோற்பதையும் பெரும்பாலும் சமூகக் காரணங்களே முடிவு செய்கின்றன, ஆகவே சமூக அறிவியலையும் உள்ளே கூப்பிடுங்கள் என்பது சாரம். மாசியா அமெரிக்க டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் சமூக அறிவியல் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர். பிறகு கன்சர்வேஷன் இன்டர்நேஷனலுக்குப் போய் அங்கேயும் அதே சங்கதி.

எனக்கு ஒரு சின்ன கர்வம். 2003ல் அமெரிக்காவில் எழுதியது நம்ம ஜில்லாவில் 1798லேயே நடந்திருக்கிறது!

வேடந்தாங்கலைத்தான் சொல்கிறேன். 2019 வரை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். இப்போது செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஏரி மரங்களில் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும். காசு கொடுக்காமல் எரு. அதனால் ஊர்க்காரர்கள் பறவைமேல் யாரையும் கைவைக்க விடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798ல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். 1858ல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். ஜீவகாருண்யம் பாதி, விவசாயக் கணக்கு பாதி.

நம்மைப் போன்றவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "ஆஹா, நம் முன்னோர்கள்!" என்று சொல்லி, ஏரிக்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவோம். அக்கா பையன் மாதிரி ஆள் அடுத்த கேள்வி கேட்பான். ஏரித்தண்ணீர் பாய்கிற நிலம் யாருக்கு? அந்த ஊரிலேயே நிலம் இல்லாத கூலிக்காரருக்குப் பறவையால் என்ன லாபம்? மூட்டையில் யூரியா வந்த பிறகு எச்சத்துக்கு என்ன மதிப்பு? விவசாயத்தை விட்டுவிட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பையனுக்கு நாரை என்ன வேண்டும்? 1798ன் கணக்கு இன்றைக்கும் நேராகிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் இந்த வேலை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இருளர்கள்.

பாம்பு பிடித்துத் தோலை விற்பது அவர்களில் பலருக்கு ஜீவனம். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. சட்டம் சரியான சட்டம், அதில் சந்தேகமே வேண்டாம். லட்சக்கணக்கில் பாம்புகளை உரித்து வெளிநாட்டுப் பெண்களின் கைப்பைக்கும் செருப்புக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் தடைக்கு மறுநாள் காலையில் இருளர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. தோலை வாங்கி ஏற்றுமதி செய்த வியாபாரி வேறு சரக்குக்கு மாறிவிட்டான். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒரே வித்தை ஒரே நாளில் குற்றமாகிவிட்ட மனுஷர் எங்கே மாறுவார்?

சென்னையில் பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ராமுலஸ் விட்டேகர் இருளர்களோடு காடு மேடெல்லாம் அலைந்தவர். "உங்களுக்கு வேறு வேலை கற்றுத் தருகிறோம், கூடை பின்னுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. பாம்பு பிடிக்கிற வித்தையே சொத்து, அதை எப்படிச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்று யோசித்தார். 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்கு அடுத்த காம்பவுண்டு.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலு சாதிதான். பிடித்து வந்து மண்பானையில் வைப்பார்கள். மூன்று நாலு வாரத்துக்குள் சில தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷம்தான் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். இந்தியாவின் மருந்துக் கம்பெனிகளுக்குப் பெரும்பங்கு விஷம் இங்கிருந்துதான் போயிருக்கிறது. தோலை உரித்தால் ஒரு பாம்புக்கு ஒரு தரம்தான் காசு. விஷமென்றால் பாம்பும் பிழைக்கிறது, காசும் வருகிறது. எங்கள் பி.காம். பாஷையில் முதலில் கைவைக்காமல் வட்டியில் குடித்தனம். (பக்கத்துக் காம்பவுண்டு முதலை வேறு, அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள்!)

2017ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்புத் தொல்லை தாங்காமல் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானத்தில் அழைத்துப் போனார்கள். 2023ல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ. அதற்காக எல்லா இருளர் வீட்டிலும் பால் பொங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தந்தால்தான் வேலை. அனுமதி தாமதமானால் பானைகள் காலி.

சரி, 'கேட்பது' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எப்படிக் கேட்பது? காட்டோரத்து வீட்டில் போய் "ஐயா, உங்கள் மாத வருமானம் என்ன?" என்றால், வந்தவன் ரேஷன் கார்டை மாற்ற வந்தானோ என்று பயந்து பாதியாகச் சொல்வார்கள். உதவி கிடைக்கும் என்று தோன்றினால் கால்வாசியாகச் சொல்வார்கள். இன்கம்டாக்ஸ் பாரம் நிரப்புகிற நமக்கு இது புரியாதா?

ரிக் டேவிஸ் என்பவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். டபிள்யூ.சி.எஸ்.காரர்கள் அதைக் காட்டோர ஊர்களுக்கு ஏற்றபடி எளிமையாக்கினார்கள். வருமானத்தையே கேட்காதே. ஊர்க்காரர்களையே ஒரு பட்டியல் போடச் சொல். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி. 'இது எந்த வீட்டிலும் இல்லாமல் இருக்கக் கூடாத அத்தியாவசியமா?' 'உங்கள் வீட்டில் இருக்கிறதா?' பாதிப் பேருக்கு மேல் அத்தியாவசியம் என்று சொன்னதுதான் கணக்கில் சேரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்னால் அதற்கு மார்க் அதிகம், அறுபது பேர் சொன்னால் கொஞ்சம் குறைவு. கூட்டினால் அந்த வீடு எவ்வளவு வறுமையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று வருஷம் கழித்து மறுபடி போய்க் கேட்டால் ஏறியதா இறங்கியதா என்றும் தெரியும். வறுமைக் கோட்டை டில்லியில் கிழிக்காமல் அந்த ஊர்த் திண்ணையிலேயே கிழிப்பது!

படித்ததும் கை அரித்தது. அக்கா வீட்டுத் தெருவில் ஒரு சாயங்காலம் நானும் பையனும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டோம். தறியை நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு, ஃபேன், கேஸ் அடுப்பு... எல்லாம் மளமளவென்று பாஸ். 'வீட்டுக்கு ஒரு பட்டுப்புடவை' என்றதும் ஒரே சிரிப்பு. நாள் பூராப் பட்டையே நெய்கிறவர்களில் பாதிப் பேர் கையே தூக்கவில்லை. "நெய்யறதோட சரி, தம்பி. கூலி வாங்கினா அது சோத்துக்கு." ஒரு பாட்டி மட்டும், "கல்யாணத்துக்கு நூல் புடவையா கட்டிக்கிட்டு நிப்பாங்க? எழுதிக்கோடா, அவசியம்தான்!" என்று அதட்டினாள்.

'சொந்தத் தறி' வந்தபோதுதான் சத்தம். அக்கா வீட்டுக்காரர், "தறி இல்லாத வீடு வீடா?" என்றார். அவர் வயசுக்காரர்கள் தலையாட்டினார்கள். இளவட்டம் யாரும் ஆட்டவில்லை. அப்போது அதுவரை பேசாமல் இருந்த ஓர் அம்மாள் சொன்னார்: "புள்ளைங்க தறிக்குழியில உக்காராத ஒரு வேலை. அதை எழுதுங்க. அதுதான் அத்தியாவசியம்."

அது பொருள் இல்லையே, பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் முழித்தேன். பையன் எழுதிக்கொண்டான். "நாம தறி மானியம் குடுத்தா இந்தத் தெரு சந்தோஷப்படும்னுதானே மாமா நினைச்சிருப்போம்?" என்றான். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த சிக்கல், குற்றத்தைப் பற்றிக் கேட்பது. "போன வருஷம் மான் அடித்தீர்களா?" என்றால் யார் ஆமாம் என்பார்கள்? இதற்கும் ஒரு வழி உண்டு. உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்வோம். நூறு பேர். கேள்வி: 'ஆபீஸ் பேனா, பேப்பரை வீட்டுக்குச் சுட்டுக்கொண்டு போனதுண்டா?' ஒவ்வொருவரும் ரகசியமாக ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் நிஜத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் 'ஆமாம்' என்றால் அது நாணயம் சொன்னதா நீங்கள் சொன்னதா என்று மானேஜரின் தகப்பனாருக்கும் தெரியாது. மொத்தத்தில் 70 பேர் 'ஆமாம்' என்றால், சுமார் 50 நாணயத்தினுடையது. மீதி 50 பேரில் 20 பேர் நிஜமாகவே சுட்டவர்கள். நூற்றுக்கு 40! எந்த நாற்பது என்று மட்டும் தெரியாது. நாணயத்துக்குப் பதில் பகடையை உருட்டச் சொல்லி, தென்னாப்பிரிக்கப் பண்ணையாளர்கள் சிறுத்தை போன்ற மிருகங்களைக் கொல்வதை இப்படித்தான் கணக்கிட்டு 2012ல் வெளியிட்டார்கள்.

திட்டத் தலைவரின் பொறுப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்பிச் சொன்ன ஒரு மனுஷரின் பெயர் அந்த நோட்டிலிருந்து ரேஞ்சர் மேஜைக்குப் போனால் மறுபடி எந்த ஊரிலும் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மனுஷர் ஜெயிலில் இருப்பார்.

இந்தோனேஷியாவின் பப்புவாப் பக்கம், பறவைத் தலை மாதிரி இருக்கிற ஒரு தீபகற்பம். அங்கே கடலின் சில பகுதிகளை மீன்பிடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பும் உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து குடும்பம் குடும்பமாக விசாரித்தார்கள். வருமானம், ஆரோக்கியம், படிப்பு, பண்பாடு, ஊர் விவகாரத்தில் பேச்சுரிமை என்று ஐந்து தலைப்பு. அதில் எனக்குப் பிடித்தது வேறு. கட்டுப்பாடு உள்ள ஊர்களோடு, அதே மாதிரியான, ஆனால் கட்டுப்பாடு இல்லாத ஊர்களிலும் போய் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும்? புது ரோடு போட்டதால் நாலு காசு வந்திருக்கும், பெருமையைச் சரணாலயம் அடித்துக்கொண்டு போகும். மீன் விலை சரிந்ததால் கஷ்டம் வந்திருக்கும், பழி சரணாலயத்தின் தலையில் விழும். ஆடிட்டர் வேலை, ஸார். சொந்தக் கம்பெனியையே ஆடிட் செய்கிற வேலை.

சொந்தக் கம்பெனி என்பதுதான் கண்டம். நன்கொடை கொடுப்பவர்களுக்குப் புலிக்குட்டி படம் வேண்டும். மேலிடத்துக்கு ஆண்டறிக்கையில் நல்ல சேதி வேண்டும். 'நம் திட்டத்தால் இந்த ஊரில் ஏழை இன்னும் ஏழையாகிவிட்டான்' என்று ஓர் அறிக்கையைத் தலைவர் கொண்டுபோய் வைத்தால் காப்பி வராது.

2019ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அந்த அமைப்பு உதவி செய்துவந்த காடுகளில், வனக்காவலர்கள் பக்கத்து ஊர் ஜனங்களை அடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், கொலையும் நடந்தது என்று ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. அமைப்பே ஒரு சுதந்திர விசாரணைக் குழுவைப் போட்டது. தலைமை யார் தெரியுமா? நவி பிள்ளை. நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1941ல் தமிழ்க் குடும்பத்தில், ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்தவர். நீதிபதி. 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர்.

2020 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. அமைப்பின் ஊழியர்கள் அந்தக் கொடுமைகளை ஏவினார்கள், கலந்துகொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது குழு. ஆனால் மனித உரிமை பற்றித் தானே கொடுத்த வாக்குறுதிகளைப் பல இடங்களில் அமைப்பு சரிவர நிறைவேற்றவில்லை, ஜனங்கள் புகார் சொல்வதற்கு ஒழுங்கான வழியே இருக்கவில்லை என்றும் சொன்னது. இத்தனைக்கும் பழங்குடிகளின் உரிமைகளை மதிப்போம் என்று அந்த அமைப்பு 1996லேயே கொள்கை எழுதி வைத்திருந்தது! பீரோவில் இருந்திருக்கிறது. அடி விழுந்த பிறகு தனியாக ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்தார்கள்.

காட்டைக் காப்பாற்றுவதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கல்குவாரி இருக்கும். ஆனால் அடி வாங்கிய ஜனங்கள் இருந்த இடத்துக்கு, முன்கூட்டியே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு போய், கேட்டதை அப்படியே எழுதி, மேலிடம் முகம் சுளித்தாலும் அதை மேஜைமேல் வைத்திருந்தால்? அந்த ஒருவருக்குத்தான் இந்த நாற்காலி.

இதையெல்லாம் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜரிகைக் கரையில் கண்ணை வைத்தபடியே கேட்டார். "உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு ஆளு நாடா தள்ளணும். அப்பதான் கோர்வை. ஒரே ஆள் ரெண்டையும் பாத்துக்கறேன்னா கரை பிரிஞ்சுடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சம்பளம் மாசா மாசம் வருமா?" என்றார்.

வரும். விவரம் வேண்டுபவர்களுக்கு: சோஷியாலஜி, மானிடவியல், பொருளாதாரம் எதுவானாலும் சரி, புள்ளியியலில் பயம் இருக்கக் கூடாது. பெங்களூரில் ஏட்ரீ, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், வெளிநாட்டில் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள டரல் நிறுவனம் ஆகியவை இந்தத் துறையில் பேர் பெற்ற இடங்கள். தலைவர் பதவி என்றால் பெரும்பாலும் டாக்டர் பட்டம், பல வருஷக் களஅனுபவம், நன்கொடையாளரிடம் பட்ஜெட் வாதாடுகிற வாய். உள்ளூர் பாஷை தெரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி. நடக்க வேண்டும், நிறைய. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கொடுக்கிற டீயை மறுக்காமல் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு வீடு என்றால் எட்டு டீ. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மனுப் போடும்முன் டாக்டரைக் கலந்துகொள்ளவும்.